திங்கள், புதன், சனி

நாள் 1, வியாழன் – ராமேஸ்வரம்

பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. பெட்டியில் பாதிப் பேர் வடநாட்டு யாத்திரிகர்கள். கடலைப் பார்த்ததும் கும்பிட்டார்கள். எனக்கு வந்த வேலை வேறு. நாளைக் காலையில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேற வேண்டும். பிறகு நாகப்பட்டினம் போய், கப்பலில் காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், முடிந்தால் நெடுந்தீவு. பாக் விரிகுடா மீன் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகளும் 50 ஆண்டுகளாக முட்டிக்கொள்கின்றன. அதைச் செய்தித்தாளில் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. இரு கரையிலும் போய் நின்று பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்கு முடிந்ததை எழுதிப் போடுகிறேன்.

பையை அறையில் போட்டுவிட்டு நேராக ஜெட்டிக்குப் போனேன். நேற்றுக் காலை போன விசைப்படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. இறால் தனியாக, கணவாய் தனியாக, நண்டு தனியாகக் கூடைகளில் இறங்கியது. அதைச் சுற்றி வியாபாரிகள் கூட்டம். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு குவியல் ஓரமாகக் கிடந்தது. அதற்கு இங்கே சங்காயம் என்று பெயர். குனிந்து கிளறிப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு மீன்குஞ்சுகள், நகம் அளவு கணவாய், ஓடு கெட்டிப்படாத நண்டு, வேரோடு பிடுங்கிய கடற்புல், வாலைச் சுருட்டிக்கொண்ட ஒரு கடற்குதிரை. எல்லாம் ஒரே சேற்று நிறத்தில் இருந்தன. கடற்குதிரையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆனால் கடலடியைச் சுரண்டிவரும் இழுவை வலையான மடிக்குச் சட்டம் தெரியாது. இந்தக் குவியல் கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். கூடை தூக்கியவர் பதில் சொல்லாமல் கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

ஒரு படகின் டிரைவரோடு பேச்சுக் கொடுத்தேன். படகை நடத்துபவருக்கு இங்கே அதுதான் பெயர். "தெரியாமல் எல்லை தாண்டிவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதுகிறார்களே அண்ணே, உண்மையா?"

அவர் சிரித்துவிட்டு கேபினுக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவியைக் காட்டினார். "கோடு இதிலேயே இருக்கிறது சார். என் சின்ன மகன்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவான். தெரிந்துதான் போகிறோம். இந்தப் பக்கம் மடியை இறக்கினால் டீசல் காசு தேறாது."

அவர் சொன்னதன் கணக்கு எளிது. கரையை ஒட்டிய சில கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது. அதைத் தாண்டினால் சர்வதேச எல்லைக் கோடு வருவதற்குள் ஒரு சில கடல் மைல்தான் மிச்சம். அந்தச் சிறிய துண்டில் நூற்றுக்கணக்கான படகுகள் 50 ஆண்டுகளாக அடியைச் சுரண்டி எடுத்திருக்கின்றன. பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டர்கூட இல்லை. மடியின் வாயை விரிக்க இரு பக்கமும் கனமான பலகைகள், அடியில் கனத்த கயிறு. இவை தரையோடு உரசிக்கொண்டே போகும். உழுகிற மாதிரி என்று எழுத நினைத்தேன். உழுதால் அடுத்து விதைப்பார்கள். இங்கே மறுபடியும் உழுவதுதான்.

ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரம் முழுதும் போவதில்லை. திங்கள், புதன், சனி மட்டும் மீன்வளத் துறையின் டோக்கன் வாங்கிக்கொண்டு போகலாம். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. இந்த ஏற்பாடு இலங்கைக்காக வந்ததில்லை. 1970-களில் இதே ஊர்களில் விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் அடித்துக்கொண்டதன் விளைவு. எல்லைச் சண்டை என்று நாம் இன்று சொல்வது முதலில் ஒரே கடற்கரையில், பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களுக்குள் நடந்த சண்டை. சாயங்காலம் பாம்பனில் வலை பொத்திக்கொண்டிருந்த நாட்டுப்படகுப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். நிமிராமலே பதில் சொன்னார்: "அந்தப் பக்கத்துக்காரன் வலை அறுகிறதைத்தான் பேப்பரில் போடுகிறார்கள். எங்கள் வலையை அறுத்ததும் இதே மடிதானே தம்பி."

டிரைவர் கிளம்பும் முன் ஒரு வேலை கொடுத்தார். அவருடைய முதலாளியின் பழைய படகு பிடிபட்டு அந்தப் பக்கம் கிடக்கிறதாம். மயிலிட்டியில் என்று கேள்வி. "கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் சார்." எண்ணை என் கைப்பேசியில் அவரே பதிந்து கொடுத்தார்.

நாள் 2, வெள்ளி – கச்சத்தீவு

பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை, காவல் துறை, சுங்கம், கடலோரக் காவல் படை என்று எல்லோரும் பையைக் கிளறி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. விசைப்படகுதான். நேற்று இறால் வந்த தளத்தில் இன்று நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கழுவியிருந்தார்கள். ஆனாலும் மரத்தில் ஊறிய வாடை போகவில்லை.

எல்லைக் கோட்டை எப்போது தாண்டினோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரே இலங்கைக் கடற்படைப் படகு ஒன்று வந்து பக்கவாட்டில் ஓடத் தொடங்கியபோதுதான் பக்கத்தில் இருந்த பாட்டி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, "வந்துவிட்டோம்" என்றார்.

285 ஏக்கர். முள் மரங்கள், பவளக்கல் தரை, குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. இதற்காகவா அரை நூற்றாண்டுக் கூச்சல் என்று யாருக்கும் முதலில் தோன்றும். பழைய கோயில் சிறியது. அருகே இலங்கைக் கடற்படை கட்டித் தந்து 2016-ல் திறந்த புதிய கோயில் இருக்கிறது. கொடியேற்றம் முடிந்து சிலுவைப்பாதை தொடங்கியபோது இரண்டு நாட்டுக் கூட்டமும் கலந்துவிட்டது. யார் எந்த ஊர் என்பதை வாய் திறந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். "எந்த இடம் நீங்கள்?" என்று கேட்டால் யாழ்ப்பாணம், "எந்த ஊரு?" என்று கேட்டால் தங்கச்சிமடம்.

இரவு தேர்ப்பவனி. அது முடிந்து மரத்தடியில் விரித்திருந்த தார்ப்பாயில் படுத்தேன். மணல் இல்லை, எல்லாம் கல். முதுகு சொன்னதை இங்கே எழுத முடியாது.

நாள் 3, சனி – கச்சத்தீவு, மறுபடி ராமேஸ்வரம்

காலைத் திருப்பலிக்கு முன் கடலோரத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பற்பசை கேட்டார். நெடுந்தீவுக்காரர். அறுபதைத் தாண்டிய வயது. தொழில் கடல்தான். பேச்சோடு பேச்சாக, அடுத்த சனிக்கிழமை நெடுந்தீவுக்கு வர எண்ணியிருப்பதைச் சொன்னேன்.

"வாங்கோ தம்பி. சனிக்கிழமை என்றால் நான் வீட்டில்தான் இருப்பேன்" என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கிழமை எங்களுக்கு நல்ல கிழமை" என்றார். கிழமை என்றால் அங்கே வாரம். திருவிழா வாரம், அந்தோணியார் வாரம், நல்ல வாரம்தானே என்று நானும் தலையாட்டி வைத்தேன். வேறு ஏதோ சொன்னார் என்பது இந்த வரியை எழுதும்போதுதான் உறைக்கிறது. நெடுந்தீவில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்பும் படகில் ஓர் இளைஞர், "இதை மட்டும் கொடுக்காமல் இருந்திருந்தால் நமக்கு இந்தப் பாடே இல்லை" என்று தொடங்கினார். படகே ஆமோதித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நடுக்கடலில் சிறுபான்மையாக இருக்க எனக்கு விருப்பமில்லை. இங்கே கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

1974 ஜூன் மாதம் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, எல்லைக் கோடு கச்சத்தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் போகிறது. நம் மீனவர்களும் பக்தர்களும் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் தீவுக்கு வந்து போகலாம் என்று அதன் 5-ஆம் பிரிவு சொல்கிறது. நான் இன்று வந்தது அதன் தயவில்தான். மீன்பிடி உரிமை பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் கோடு போட்டார்கள். அப்போது பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. அதே பேரத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வெட்ஜ் பேங்க் என்ற செழிப்பான மீன்பிடிப் பரப்பு இந்தியாவிடம் வந்தது. அங்கே காலங்காலமாகத் தொழில் செய்த இலங்கைப் படகுகளுக்கு 3 ஆண்டு தவணை கொடுத்து அனுப்பிவிட்டோம். இந்தப் பக்கத்து மேடைகளில் வெட்ஜ் பேங்க் கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கோபம் நியாயமானதுதான். தமிழக மக்களைக் கேட்காமலே தீவைக் கொடுத்தார்கள். ஆனால் நாளைக்கே தீவு திரும்ப வந்தாலும் கோடு சில மைல் கிழக்கே நகரும், அவ்வளவுதான். நம் படகுகள் இப்போது போவது கச்சத்தீவோடு நிற்கவில்லை. நெடுந்தீவுக் கரை வரைக்கும், அதற்கு மேலும் போகின்றன. புதிதாகக் கிடைக்கும் அந்தச் சில மைலைச் சுரண்டி முடிக்க இரண்டு பருவம் போதும்.

நாள் 4, ஞாயிறு

பஸ். தொண்டி, மணமேல்குடி, அதிராம்பட்டினம், வேளாங்கண்ணி வழியாக நாகப்பட்டினம். உடம்பு முழுக்க உப்பும் தூக்கமும். எழுத ஒன்றும் இல்லை.

நாள் 6, செவ்வாய் – நாகப்பட்டினம்

நாளைக்குத்தான் கப்பல். இடையில் கிடைத்த நேரத்தில் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தைச் சுற்றினேன். ஆழ்கடலுக்கான பெரிய படகு ஒன்றைக் கண்டதும் 2017-ல் மத்திய, மாநில அரசுகள் அறிவித்த திட்டம் நினைவுக்கு வந்தது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளைப் படிப்படியாக நீக்கி, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளைக் கொடுப்பது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். அதில் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் பங்கு. தாளில் அழகாக இருந்தது. எடுத்துக்கொண்டவர்கள் சொற்பம்.

ஏன் என்று ஒரு சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராமேஸ்வரத்துக்காரன் காலையில் போய் மறுநாள் காலையில் வீட்டில் சாப்பிடுகிறவன். அவனை வாரக்கணக்கில் கடலில் கிட என்றால் கிடப்பானா? தூண்டில் தொழில் தெரிந்த ஆள் வேண்டும். கடன் கட்ட வேண்டும். சூரைக்கு விலை நிற்க வேண்டும். படகைக் கொடுத்தால் போதுமா?" தொழில் என்பது கருவி மட்டும் இல்லை, உடம்பின் பழக்கமும்தான் என்று அரசுக் கோப்பில் எந்தப் பத்தியில் எழுதுவது?

நாள் 7, புதன் – காங்கேசன்துறை

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதற்கு முன் இந்தக் கடலைத் தாண்டுவது ரயில் டிக்கெட்டோடு சேர்ந்த சமாசாரம். இப்போது கடவுச்சீட்டு, விசா, எடைக் கட்டுப்பாடு, 4 மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, மறுபடி ஓடும் கப்பல். கூட்டத்தில் பாதி வியாபாரிகள்.

இன்று புதன்கிழமை. வழியில் படகுகள் கண்ணில் படும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடம் வடக்கே தள்ளிப் போகிறது. தூரத்தில் நான்கைந்து புள்ளிகள் தெரிந்ததோடு சரி.

நாள் 8, வியாழன் – மயிலிட்டி, குருநகர்

மயிலிட்டி காங்கேசன்துறைக்குக் கிழக்கே கூப்பிடு தூரம். ஒரு காலத்தில் வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகம். 1990-ல் போர் இந்த ஊரை ஒட்டுமொத்தமாகப் பெயர்த்து அனுப்பியது. உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டார்கள். 2017 ஜூலையில்தான் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய கொஞ்ச நிலத்தையும் விடுவித்தார்கள். 27 ஆண்டுகள். கைக்குழந்தையாகப் போனவர் கைக்குழந்தையோடு திரும்பி வந்திருப்பார்.

திரும்பி வந்தவர்களின் துறைமுகத்தில் இன்று நிற்பவை நம் படகுகள். பிடிபட்டு, வழக்கு முடிந்து, அரசுடைமை ஆகி, யாரும் எடுத்துப்போகாமல் கிடப்பவை. சில மிதக்கின்றன, சில ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் குடிக்கின்றன. ஒன்றின் முகப்பில் "துணை" மட்டும் மிச்சம் இருந்தது. எந்தச் சாமியின் துணை என்பது பெயிண்டோடு உரிந்துபோயிருந்தது. கயிறுகள் பச்சையாகப் பாசி பிடித்திருந்தன. தளத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் நெளிந்து கிடந்தது. பிடிபட்ட அன்று குடித்த தண்ணீராக இருக்கலாம்.

"எங்கள் வள்ளங்களைக் கட்ட இடம் இல்லை. காற்று அடித்தால் இவை அசைந்து வந்து இடிக்கும்" என்றார் அங்கே நின்ற ஒருவர். குரலில் கோபம் இல்லை. வீட்டுக்குள் வந்து கிடக்கும் ஊரார் சாமானைப் பற்றிப் பேசுகிற அலுப்புதான் இருந்தது.

அனுமதி கேட்டுப் படம் எடுத்தேன். எண் எதிலும் சரியாகத் தெரியவில்லை. மொத்த வரிசையையும் எடுத்து ராமேஸ்வரத்து டிரைவருக்கு அனுப்பினேன். 10 நிமிடத்தில் பதில் வந்தது: "இடமிருந்து மூன்றாவது. கேபின் கதவு நான் மாட்டியது." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை.

மாலையில் குருநகர். கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் திண்ணையில் 5 பேர் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்றதும் ஒரு நொடி அமைதி. பிறகு தேநீர் வந்தது. உபசாரத்தில் குறை வைக்கவில்லை, பேச்சிலும்தான். "நண்டு வலை விட்டு வந்தேன். விடிய எடுக்கப் போனால் மிதவை மட்டும் இருக்கிறது. வலைக்கு நகை அடகு வைத்த காசு. யாரிடம் போய்க் கேட்பது? கடற்படையிடமா, உங்கள் முதலமைச்சரிடமா?" என்று கேட்டார் ஒருவர். அறுந்து வந்த வலையின் ஒரு துண்டையும் காட்டினார். கத்தியால் அறுத்ததுபோல் நேராக இல்லை. இழுபட்டு, முடிச்சுகள் இறுகி, நூல் தலைமுடியைப்போலத் திரிந்திருந்தது. அதில் கடற்புல் ஒன்று இன்னும் சிக்கியிருந்தது. ராமேஸ்வரத்துச் சங்காயக் குவியலில் பார்த்த அதே புல்.

2009 வரை போர். கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு. பல ஆண்டுகள் இவர்கள் கடலைக் கரையிலிருந்து பார்க்க மட்டும் முடிந்தது. அந்தக் காலத்தில்தான் எதிர்க்கரையில் இழுவைப் படகுகள் பெருகின. ஆளில்லாத கடலில் நம்மவர்கள் தொழில் பழகிவிட்டார்கள். போர் முடிந்து இவர்கள் வலையோடு வந்தபோது இடம் காலியாக இல்லை. 2010-ல் இரு கரை மீனவர்களே உட்கார்ந்து பேசி, ஓராண்டுக்குள் இழுவைத் தொழிலை நிறுத்துவதாக நம் பக்கத்தினர் ஒப்புக்கொண்டார்கள். ஆண்டு போனது, படகுகள் போகவில்லை. 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியை நாடு முழுவதும் தடை செய்தது. குருநகரிலேயே உள்ளூர் இழுவைப் படகுகள் உண்டு, அவற்றைப் பற்றியும் புகார் உண்டு. நான் கேட்டபோது இருவர் தரையைப் பார்த்தார்கள். மூன்றாமவர், "உண்மைதான், அதையும் நிறுத்த வேண்டும்" என்றார்.

2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. அந்த ஆண்டு ஜூனில் இந்தியப் படகு ஒன்றைப் பிடிக்கப் போன கடற்படைச் சிப்பாய் ஒருவர் இறந்தார். ஆகஸ்டில் கடற்படைப் படகு மோதி ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் இறந்தார். திண்ணையில் இருந்தவர்கள் இரண்டையும் சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரே குரல்தான். ஊரில் நாம் ஒன்றை மட்டும் சொல்லுவோம்.

எழும்போது சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். சில தேதிகளில் பேனாவால் குறுக்குக் கோடு. விடுமுறையா என்று கேட்டேன். "எங்களுக்கு விடுமுறை. உங்களுக்குத் தொழில்" என்றார் தேநீர் கொடுத்தவர். திங்கள், புதன், சனி.

கச்சத்தீவில் பெரியவர் சொன்ன நல்ல கிழமை இதுதான். திருவிழா என்று நம் படகுகளுக்குச் சனிக்கிழமைத் தொழிலை நிறுத்தியிருந்த வாரம்.

நாள் 10, சனி – நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல். 1985 மே மாதம் குமுதினி படகில் வந்த பயணிகளை வெட்டிக் கொன்றது இதே தடத்தில்தான். பக்கத்தில் இருந்த பெண் அதைச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் என் மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பெருக்க மரம், பவளக்கல் மதில்கள், ஆளில்லாமல் மேயும் குதிரைகள். சுற்றுலாக் குறிப்பு எழுதுபவர்கள் அதை எழுதட்டும். நான் பெரியவர் வீட்டைத் தேடிப் போனேன். சொன்னபடி வீட்டில்தான் இருந்தார். வள்ளம் கரையில் இழுத்துக் கிடந்தது. வேலியில் வலையைப் போட்டு ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். பாம்பன் பெரியவரின் அதே குந்தல், அதே விரல் ஓட்டம்.

"நல்ல கிழமை என்றீர்களே, இப்போதுதான் புரிந்தது ஐயா" என்றேன்.

"பிந்தினாலும் விளங்கியதே" என்று சிரித்தார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக ஒரு கதை சொன்னார். 1990-ல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் கடலைத் தாண்டினாராம். பாதி வழியில் இயந்திரம் நின்றுவிட்டது. ராமேஸ்வரத்து விசைப்படகு ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய்க் கரை சேர்த்தது. மண்டபம் முகாமில் 14 ஆண்டுகள். முகாமில் கொடுக்கும் பணம் போதாது. கடல் தெரிந்த கைக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? விசைப்படகில் கூலியாக ஏறினார். திங்கள், புதன், சனி.

"இந்தக் கடலில்தானா?" என்று கேட்டேன்.

"வேறு எந்தக் கடல்? மடி ஏற்றி இறக்கினது இந்தக் கைதான். என் சொந்த ஊர் வெளிச்சம் தெரியும். பார்த்துக்கொண்டே இழுப்பேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. 2021 ஜனவரியில் கடற்படைப் படகோடு நடந்த மோதலில் இறந்த 4 பேரில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கை அகதி என்று படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, ஓர் இலங்கைத் தமிழர் இந்தியப் படகில் எப்படி என்று புருவத்தை உயர்த்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

"உங்களை இழுத்துக் கரை சேர்த்தவர்கள்மேல் கோபம் வராதா?" என்று கடைசியில் கேட்டேன்.

"ஆள்மேல் என்ன கோபம்? அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். தூண்டிலோடு வரட்டும், வலையோடு வரட்டும், பக்கத்தில் நின்று பிடிப்போம். மடியோடு வரக் கூடாது."

இரவு சாப்பிட்டுவிட்டு மேற்குக் கரைக்கு நடந்தோம். பேரனும் வந்தான். காற்று இல்லை. கடலில் வெளிச்சங்கள் ஒரு தெருவைப்போல வரிசையாக இருந்தன. பையன் எண்ணத் தொடங்கி 40-க்கு மேல் குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். நான் அந்த வெளிச்சங்களில் ஒன்றை என் டிரைவருடையதாக வைத்துக்கொண்டு பார்த்தேன். அவருக்குச் செய்தி அனுப்பலாம் என்று கைப்பேசியை எடுத்துவிட்டுப் பையிலேயே போட்டேன். என்னவென்று எழுதுவது?

இயந்திரச் சத்தம் விட்டு விட்டு வந்தது. எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் தாழ்ந்துவிட்டது பார். மடி இறங்கிவிட்டது. இப்போது இழுக்கிறார்கள்."

கொஞ்ச நேரம் நின்றோம். பையன் இரண்டாவது தடவையும் கணக்கை விட்டுவிட்டான்.

"விடிவதற்குள் இன்னொரு இழுவை இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரியவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். நாளை ஞாயிறு. அவர் வலை விடப் போக வேண்டும்.